சா. கெமரியாவும் தலைமைச் சமையற்காரரும்

ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச் சபையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வேதவாசிப்பு நடக்கிறது. இப்போது எரேமியா. யார் எந்த அதிகாரம் வாசிப்பது என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. அண்மையில் செயற்குழு ஒரு முடிவெடுத்தது: பெயர்கள் அடுக்காக வருகிற இடத்தில் முதற் பெயரை மட்டும் சொல்லி, "முதலானோர்" என்று முடித்துக்கொள்ளலாம். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள், நேபுசராதான் வந்ததும் நின்றுவிடுகிறார்கள் என்பது காரணம். பொய்யில்லை. எஸ்தர் வாசித்த காலத்தில், அகாஸ்வேரு ராஜாவின் ஏழு பிரதானிகளில் ஒருவர் பெயர் பிஸ்தா என்று கேட்டதும் பின்வரிசை முழுதும் குலுங்கிச் சிரித்தது. "அன்ரி, ராசா, தீர்க்கதரிசி எண்டால் சரி. இந்தக் கிளாக்கர்மாற்றை பேர் ஆருக்குத் தேவை?" என்று கேட்டார் குழுவில் ஒரு தம்பி.

எனக்குத் தேவை. யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவள் நான். அரசாங்க அதிபர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், மாற்றலாகிப் போவார்கள். காணித் தகராறு வழக்குக்குப் போனால் தேடப்படுவது பழைய பதிவில் ஒப்பமிட்ட கிளாக்கரின் பெயர்தான்.

வேதத்திலும் அப்படித்தான் என்பதற்கு எரேமியா 39:3 சாட்சி. எருசலேமின் மதில் உடைந்ததும் பாபிலோன் அதிகாரிகள் வந்து நடுவாசலில் உட்காருகிறார்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதத்தில் அவர்கள் ஆறு பேர்போல நிற்கிறார்கள். நம் தமிழ் வேதத்திலும் அதே வரிசை: நெர்கல்சரேத்சேர், சம்கார்நேபோ, சர்சேகிம், ரப்சாரீஸ், மறுபடி ஒரு நெர்கல்சரேத்சேர், ரப்மாக். உண்மையில் இவை மூன்று பெயர்களும் மூன்று பதவிகளும். ரப்சாரீஸ் என்றால் அண்ணகர்களின் தலைவர். ரப்மாக்கும் ஒரு பதவி. சம்கார் என்பது சின்மாகிர் என்ற மாகாண அதிகாரியின் பட்டம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்தப் பட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்ட "நேபோ", அடுத்து வருகிற சர்சேகிமின் தலைப்பாதி.

இதை உறுதி செய்தது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு களிமண் வில்லை. 1920இல் அங்கே வந்து சேர்ந்தது. 2007இல்தான் வியன்னாப் பேராசிரியர் மிக்கேல் யுர்சா அதில் இருந்த பெயரைக் கவனித்தார். கி.மு. 595, நேபுகாத்நேச்சாரின் பத்தாம் ஆண்டு. அண்ணகர்களின் தலைவரான நாபு-சர்ருசு-உகின், அதாவது எரேமியாவின் நேபோ-சர்சேகிம், ஒன்றரை மினா, அதாவது முக்கால் கிலோ அளவு தங்கத்தைத் தன் கீழ் அலுவலர் ஒருவரின் கையில் கொடுத்து பாபிலோன் எசங்கிலா கோயிலுக்கு அனுப்பினார், அது போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் பெயர், சாட்சிகள் பெயர், நாள், மாதம் எல்லாம் உண்டு. எங்கள் கச்சேரிக் காசாளர் சிறாப்பர்கூடக் குறை சொல்ல முடியாத பற்றுச்சீட்டு. எருசலேம் விழுந்தது அதற்கு எட்டொன்பது ஆண்டுகள் கழித்து.

"நாபு அவன் அரசாட்சியை நிலைநிறுத்தினார்" என்பது அந்தப் பெயரின் பொருள். நாபு பாபிலோனியரின் எழுத்துத் தெய்வம். அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான் ஏடு படியெடுத்தவர்கள் இரண்டாக வெட்டினார்கள்.

அவர்களை நான் அதிகம் கடியமாட்டேன். இந்த ஊர்ப் படிவங்கள் நம்மை என்ன செய்தன? தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினோம். பிள்ளைக்குத் தகப்பன் பெயர், தகப்பனுக்குப் பாட்டன் பெயர், தாய்க்கு இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் மூவரும் ஒரே குடும்பம் என்று விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. பதவி பெயராவதும் நமக்குப் புதிதல்ல. கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிந்து கிராமசேவகர் வந்த பிறகும், "விதானையார் வீடு" என்றால் ஊரில் எல்லோருக்கும் வழி தெரியும். ஆளின் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். ரப்சாரீஸுக்கு நடந்தது அதுதான்.

ரொறன்ரோவுக்கு இந்த விஷயம் அந்நியமுமல்ல. அசீரிய, பாபிலோனிய அரசர்களின் கல்வெட்டுகளைத் திருத்தமாகப் பதிப்பிக்கும் பெருந்திட்டத்தைப் பேராசிரியர் கேர்க் கிரேசன் நடத்தியது இங்குள்ள பல்கலைக்கழகத்தில்தான். 1987 முதல் அதன் தொகுதிகள் வந்தன. கனத்த புத்தகங்கள், பெரும்பாலும் அரசரின் புகழ். நம் சோழர் சாசனங்களிலும் முதலில் மெய்க்கீர்த்திதான் முழங்கும். ஓலை எழுதினவன், ஒப்பமிட்டவன் எல்லாம் பின்னால் வருவார்கள். ஆனால் எரேமியாவின் குழம்பிய வரியை நேராக்கியது மெய்க்கீர்த்தி அல்ல, பற்றுச்சீட்டு.

பிள்ளைகளைத் தடக்கி விழுத்தும் அந்த நேபுசராதானையும் பாருங்கள். நம் வேதம் அவரைக் காவற்சேனாதிபதி என்கிறது. நேபுகாத்நேச்சாரின் அரண்மனை அலுவலரை வரிசைப்படுத்தும் களிமண் பட்டகம் ஒன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது. அதில் நாபு-சேர்-இத்தின், "நாபு சந்ததி தந்தார்", என்ற பெயரோடு தலைமைச் சமையற்காரர் ஒருவர் வருகிறார். எரேமியாவின் மூல எபிரேயத்தில் உள்ள பட்டமும் அடுக்களைப் பக்கந்தான் சாய்கிறது. அரண்மனைப் பதவி பேருக்குச் சமையல், வேலை வேறு. எருசலேம் ஆலயத்துக்குத் தீ வைத்தவர் இவர். (பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தப் பெயரை மறக்கமாட்டார்கள்.)

அந்தத் தீ ஓர் உபகாரமும் செய்தது. 1982இல் யிகால் சிலோவின் குழு தாவீதின் நகரத்தில் தோண்டியபோது ஐம்பதுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஏட்டுச் சுருளைக் கட்டி, முடிச்சின் மேல் ஒட்டுகிற களிமண். சுருள்கள் எரிந்துவிட்டன. களிமண் சூளையில் வைத்ததுபோல் சுட்டு நிலைத்தது. அவற்றில் ஒன்றில் இருந்தது: சாப்பானின் மகன் கெமரியா. எரேமியா 36இல் வருகிற பெயர். தீர்க்கதரிசியின் சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துத் தீச்சட்டியில் போடுகிறான். "வேண்டாம், எரிக்காதேயும்" என்று கெஞ்சியவர்களில் இந்தக் கெமரியாவும் ஒருவர். ராஜா கேட்கவில்லை.

"சாப்பானின் மகன் கெமரியா." குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர், தன் பெயர், அவ்வளவுதான். நம் முறையில் எழுதினால் சா. கெமரியா. இரண்டு பெயர்க் கட்டங்களோடு மல்லுக்கட்டிய நம் பிள்ளைகளுக்கு இவரைவிடக் கிட்டிய உறவு வேதத்தில் யார்?

ஆகவே செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். பெயர்களை விடவேண்டாம். வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு கிழமை முன்பே தாளைக் கொடுங்கள், பெயர்களை அசை பிரித்து எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு வரி குறிப்பு வையுங்கள். பிஸ்தாவுக்குச் சிரிக்கட்டும், என்ன நட்டம்? அதே வரிசையின் கடைசி ஆள் கர்காஸின் பெயரைப் பழைய ஈரானிய மொழியில் பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். சிரிப்பு தானாக நிற்கும். வேதத்தைப் புதிதாக அச்சிடுகிறவர்கள் எரேமியா 39:3க்கு ஓர் அடிக்குறிப்பாவது போடவேண்டும்.

வருகிற வாரம் 38ஆம் அதிகாரம். "முதலானோர்" வந்தால் அதில் முதலில் பலியாவது பெயர்ப் பட்டியல்தான்: எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்ட பிரபுக்கள். அவர்களில் செலேமியாவின் மகன் யூகாலின் முத்திரை 2005இலும், பஸ்கூரின் மகன் கெதலியாவின் முத்திரை 2008இலும், எய்லாத் மசாரின் அகழ்வில், ஒன்றுக்கொன்று சில மீற்றர் தூரத்தில் கிடைத்தன. செ. யூகால், ப. கெதலியா. கூட்டாளிகள் மண்ணுக்குள்ளும் பிரியவில்லை.

துரவிலிருந்து எரேமியாவைத் தூக்கி எடுத்தவர் எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர், அரண்மனை அண்ணகர். வெறும் கயிற்றை அவர் விடவில்லை. பழந்துணிகளைத் தேடி எடுத்து, கயிறு அறுக்காமல் அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த அதிகாரத்தில் யாருக்கும் வராத யோசனை. அவருக்கு முத்திரை எதுவும் கிடைக்கவில்லை. எபெத்மெலேக் என்றால் "ராஜாவின் ஊழியன்". அந்தக் கால முத்திரைகளில் ஆளின் பெயருக்குப் பின்னால் வருகிற பதவிச் சொல் அது. தாய் தகப்பன் வைத்த பெயரை யாரும் எழுதி வைக்காமலே விட்டிருக்கக் கூடும். எங்கள் கச்சேரிச் சம்பளப் பட்டியலில் பியோனுக்குக்கூடப் பெயர் இருந்தது.