அவமானப்படுத்துவது மேற்பார்வை ஆகாது



உளவளத்துணையாளர்களுக்கு மேற்பார்வை எதற்கு? மூடிய அறைக்குள் அவர்கள் கேட்கும் துயரங்களுக்கு வேறு சாட்சி இல்லை என்பதற்காகவே. பிரித்தானியாவில் இத்துறையின் முதன்மைச் சங்கம், தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் மாதந்தோறும் குறைந்தது 1.5 மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும் என விதித்துள்ளது. நல்ல விதி. ஆனால் அந்த நேரத்தில் மேற்பார்வையாளர் நீதிபதியாக அமர்ந்தால், ஒப்பனை செய்த கதைகளே அவர் முன் வரும்.

1996இல் நிக்கலஸ் லடானியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பயிற்சி நிலையில் இருந்த 108 பேரிடம் வினவினர். 100க்கு 97 பேர் மேற்பார்வையாளரிடம் எதையோ மறைத்திருந்தனர். மறைத்தவற்றுள் தம் தொழில் தவறுகளும் அடங்கும்.

"நாணம்தானே ஒழுக்கத்தின் காவல், அதைத் தளர்த்தலாமா?" எனச் சிலர் வாதிடுகின்றனர். நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் அது தீச்செயலின் முன் கூசி நிற்கும் நாணம். தவறிய பின், "நீரெல்லாம் இப்பணிக்குத் தகுதியா?" என்ற பார்வையால் பிறர் சுமத்தும் அவமானம் வேறு. முன்னது கையைத் தடுக்கிறது. பின்னது வாயை அடைக்கிறது.

தற்கொலை எண்ணத்தைச் சாடையாகச் சொன்ன ஒருவரிடம் மேலும் கேட்கத் தவறிய துணையாளரை எண்ணிப் பாருங்கள். அதை இன்றே அவர் சொன்னால், இன்றே அம்மனிதரை அழைத்துப் பேசலாம். அவமானத்துக்கு அஞ்சி மறைத்தால், அதற்கு விலை கொடுப்பவர் யார்?

இரக்கம் என்றால் கண்டும் காணாமல் விடுவது என்போருக்கும் ஒரு சொல். பெயர் கெடும் என அஞ்சி, சிறுவர்களுக்குத் தீங்கிழைத்த குருக்களை இடம் மாற்றி மறைத்த திருச்சபையின் குருவாகவே இதை எழுதுகிறேன். அதற்கு இரக்கம் என்று பெயரிட்டோம். காயப்பட்ட பிள்ளைகளை அந்த இரக்கம் சென்றடையவே இல்லை.

மேற்பார்வையாளர்களே, ஆளைத் தாழ்த்தாதீர்கள், செயலைத் தப்பவிடாதீர்கள். "என்ன நடந்தது? யாருக்குத் தீங்கு நேர்ந்தது? இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். தேவையெனில் பணியிலிருந்து நிறுத்துங்கள். உரிய இடத்தில் முறையிடுங்கள். அதையும் அவர் முகம் பார்த்து, மரியாதை குறையாமல் செய்யுங்கள். அடுத்த சந்திப்பில் உங்கள் தவறு ஒன்றை முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவரும் தம் உண்மையைச் சொல்லத் துணிவார்.