யானையைக் கட்டித் தீனி போடுமுன்

பழைய சொகுசு கார்களின் விலை சரிந்துவிட்டது. அவற்றின் உதிரி பாகங்களின் விலை சரியவில்லை.

கார் தெருவில் வந்து நின்றதும் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கின்றன. பானெட்டின் நுனியில் நிற்கும் மூன்று முனை நட்சத்திரத்தைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். மாமனார் ஒரு முறை முன்னாலும் ஒரு முறை பின்னாலும் உட்கார்ந்து எழுகிறார். "என்ன விலை?" என்ற கேள்விக்கு வாங்கியவர் சொல்லும் பதிலை யாரும் நம்புவதில்லை. ஒரு புதிய சின்ன காரின் விலைதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை, அதே கார் வாசலில் மாடு மாதிரி படுத்துக் கிடக்கிறது. பின்பக்கம் தரையைத் தொடாத குறை. டயரில் காற்று இருக்கிறது. சஸ்பென்ஷனில்தான் இல்லை. ஷெட்டிலிருந்து வரும் மதிப்பீட்டுத் தாளை வாங்கியவர் மனைவியிடம் காட்டாமல் சட்டைப் பையில் மடித்து வைத்துக் கொள்கிறார்.

டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடக்கும் கதை இது. சொகுசு கார் வாங்குபவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்த மாடலுக்குப் போய்விடுகிறார்கள். பழைய கார் கை மாறுகிறது, மறுபடியும் மாறுகிறது. ஒவ்வொரு கைக்கும் விலை பாதியாகிறது. பத்து, பதினைந்து வயதில் அது முதன்முறையாக ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிறது. வாங்குபவர் கவனிக்கத் தவறுவது ஒன்றுதான். விலை இறங்கியது காருக்கு மட்டுமே. அதன் ஷாக் அப்சார்பரும் கியர் பாக்சும் கம்ப்யூட்டர் பெட்டியும், 50 லட்சம் ரூபாய் காருக்கு என்ன விலையோ அதே விலைதான். யானையை மலிவாக வாங்கிவிடலாம். தீனி யானைக்குரிய தீனிதான்.

அப்படியானால் அதிகம் ஓடிய சொகுசு கார் நம்பத் தகாததா? அப்படியும் இல்லை. கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரத்தில் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்ற டாக்சி ஓட்டுநர் 1981ல் ஒரு பழைய மெர்சிடிஸ் 240 டி காரை வாங்கினார். 1976ல் செய்யப்பட்ட அந்தக் கார் அப்போதே 2.2 லட்சம் கி.மீ. ஓடியிருந்தது. 2004ல் அதை அவர் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது ஓடியிருந்த தூரம் 46 லட்சம் கி.மீ.

இந்தக் கதையைச் சொல்லித்தான் பல தரகர்கள் பழைய பென்ஸை விற்கிறார்கள். கதையின் மறு பாதியை அவர்கள் சொல்வதில்லை. சச்சினிடிஸ் மூன்று எஞ்சின்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பொருத்தினார். 11 முறை எஞ்சின் மாறியது. ஒன்று ஓடும்போது மற்றது பழுது பார்க்கப்பட்டது. கார் உறுதியானது என்பது உண்மை. விடாமல் பார்த்துக்கொண்ட ஒருவர் அதற்கு வாய்த்தார் என்பதும் அதே அளவு உண்மை.

அமெரிக்காவில் மேட் ஃபாரா என்ற வாகனப் பத்திரிகையாளர் 2014ல் வாங்கிய 1996ஆம் வருட லெக்சஸ் எல்எஸ் 400, சுமார் 9 லட்சம் மைல் ஓடிய நிலையில் அவரிடம் வந்தது. 2019ல் அது பத்து லட்சம் மைலைத் தொட்டது. அதாவது 16 லட்சம் கி.மீ. இந்த இரண்டு கார்களும் ஓடிக்கொண்டே இருந்தவை. பழைய கார் விஷயத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வதும் இதுதான்: கிலோமீட்டர் தேய்ப்பது இரும்பை, வருடம் தின்பது ரப்பரை. நிறுத்தியே வைத்திருந்த காரில் ஹோஸ் வெடிக்கும், சீல் காயும், புஷ் நொறுங்கும், பெட்ரோல் டேங்கில் கசடு சேரும். பதினைந்து ஆண்டுகளில் 40 ஆயிரம் கி.மீ. மட்டுமே ஓடியது என்று விளம்பரத்தில் வரும் காரைவிட, ரசீதுகளோடு இரண்டு லட்சம் ஓடிய கார் பல சமயம் நல்ல கார்.

இந்தியாவில் இந்தக் கதை 1990களில் தொடங்குகிறது. 1994ல் டெல்கோவுடன் கூட்டுச் சேர்ந்து மெர்சிடிஸ் பென்ஸ் இங்கே நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டு புனே ஆலையிலிருந்து டபிள்யூ124 என்ற குறியீடு கொண்ட இ கிளாஸ் கார்கள் வெளிவந்தன. அதே 1995ல் ஐரோப்பாவில் அடுத்த தலைமுறை இ கிளாஸ் வந்துவிட்டது. 'அங்கே ஓய்வு பெற்ற காரை நம் தலையில் கட்டுகிறார்கள்' என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள்.

காலம் அந்த முணுமுணுப்பைப் புரட்டிப் போட்டுவிட்டது. புதிதாக வந்த டபிள்யூ210 துருப் பிடிப்பதற்கு உலகெங்கும் பெயர் வாங்கியது. ஓய்வு பெற்றதாகச் சொல்லப்பட்ட டபிள்யூ124 இன்று ஆர்வலர்கள் தேடிப் பிடிக்கும் கார். கனமான கதவு, எளிய எஞ்சின், எந்த நட்டையும் கழற்றி மாட்ட முடிகிற அமைப்பு ஆகியவை அதற்குக் காரணங்கள்.

ஆனால் அந்தக் கோட்டையிலும் ஒரு ஓட்டை உண்டு. 1990களின் முற்பகுதியில் பென்ஸ் எஞ்சின்களில் போட்ட ஒயர்களின் மேலுறை, காலப்போக்கில் மக்கக்கூடிய பொருளால் செய்யப்பட்டிருந்தது. எஞ்சின் சூட்டில் அது அப்பளம் போல நொறுங்கியது. ஒயர்கள் ஒன்றோடொன்று உரச, கார் காரணம் தெரியாமல் தடுமாறியது. எஞ்சின் போய்விட்டது என்று நினைத்துப் பிரித்தவர்கள் உண்டு. அந்தக் கால கார் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'ஒயரிங் மாற்றியாயிற்றா?' என்பதுதான்.

அதற்குப் பின் வந்த கார்களில் கனம் குறைந்தது, கம்ப்யூட்டர் கூடியது. 1996 முதல் பென்ஸ் கார்களில் வந்த ஐந்து கியர் ஆட்டோமேடிக் பெட்டி நல்ல உழைப்பாளி. முதலில் அதன் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்றார்கள். பிறகு நிறுவனமே மாற்றச் சொன்னது. அந்தப் பெட்டியில் ஒயர் நுழையும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. அதன் ரப்பர் வளையம் தளர்ந்தால் ஆயில் ஒயர் வழியாகவே ஏறி, கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும். சின்னஞ்சிறு வளையத்தை மாற்றாமல் விட்டவர் பெரிய பெட்டியை வாங்க வேண்டி வருகிறது. பழைய சொகுசு கார்களின் நோய் பெரும்பாலும் இப்படித்தான். உயிர் போவது இதயத்தால் அல்ல, கவனிக்காத காய்ச்சலால்.

வாசலில் படுத்த காரின் கதையும் அதுவே. 1990களின் கடைசியில் வந்த எஸ் கிளாசில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ரப்பரில் மெல்லிய வெடிப்பு விழுகிறது. கசியும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் இரவு பகல் பாராமல் ஓடுகிறது. கடைசியில் அதுவும் கருகுகிறது. முதல் நாளே பையை மாற்றியிருந்தால் கம்ப்ரஸர் தப்பியிருக்கும்.

2002ல் வந்த இ கிளாசில் பிரேக்கையே மின்னணு முறைக்கு மாற்றினார்கள். 2004லும் 2005லும் உலகெங்கும் கார்களைத் திரும்ப அழைத்துச் சரி செய்தார்கள். 2006ல் இ கிளாசிலிருந்து அந்த முறையே கைவிடப்பட்டது. அந்த பிரேக் பெட்டி, மிதித்த எண்ணிக்கையைத் தானே எண்ணிக்கொண்டு வரும். கணக்கு முடிந்தால் சிவப்பு எச்சரிக்கை வரும். நெரிசலில் நிமிடத்துக்கு நான்கு முறை பிரேக் மிதிக்கும் இந்திய நகரத்தில் அந்தக் கணக்கு வேகமாகவே முடியும்.

சென்னை அருகே 2007ல் ஆலை திறந்த பிஎம்டபிள்யூவின் பலவீனம் வேறு. எஞ்சினைக் குளிர வைக்கும் அமைப்பில் பிளாஸ்டிக் அதிகம். தண்ணீர்த் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, பம்ப் எல்லாம் வயதானால் எச்சரிக்கை இல்லாமல் பிளக்கும். சில மாடல்களில் வெப்பம் காட்டும் முள் வெகு நேரம் நடுவிலேயே நிற்கும். அது ஏறுவதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். இந்த பாகங்கள் உடையும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுபவர்தான் இந்தக் காரை நிம்மதியாக வைத்திருக்கிறார்.

நிம்மதி மட்டும் போதும், பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. 2001ல் இங்கே வந்த ஹோண்டா அக்கார்டும் 2002ல் வந்த டொயோட்டா கேம்ரியும் தெருவில் யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றினால் அவை இரண்டு லட்சம் கி.மீ.க்கு மேலும் வம்பில்லாமல் ஓடும். சொகுசு என்பது இருக்கையின் தோலா, காலையில் சாவியைத் திருகியதும் கிளம்பும் நம்பிக்கையா என்பதை வாங்குபவர் முடிவு செய்ய வேண்டும்.

இயந்திரத்தைத் தாண்டி இன்னும் மூன்று ஆபத்துகள் உண்டு. முதலாவது வெள்ளம். மும்பையில் 2005 ஜூலையிலும் சென்னையில் 2015 டிசம்பரிலும் மூழ்கிய கார்களில் சொகுசு கார்கள் ஏராளம். காப்பீட்டு நிறுவனங்கள் ஏலம் விட்ட கார்கள் துடைக்கப்பட்டு வேறு மாநிலங்களில் சந்தைக்கு வருவது வழக்கம். இந்தக் கார்களில் பல கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கைக்கும் தரை விரிப்புக்கும் அடியில் இருப்பதால், ஒரு அடி தண்ணீரே போதும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பதும், இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு தேடுவதும் செலவில்லாத சோதனைகள்.

இரண்டாவது, பொய் சொல்லும் மீட்டர். 50 ஆயிரம் காட்டும் காரில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். இந்தக் கார்கள் கிலோமீட்டரை ஒரே இடத்தில் மட்டும் எழுதி வைப்பதில்லை. நல்ல ஸ்கேனர் வேறு பெட்டிகளில் பதிந்த கணக்கையும் எடுத்துத் தரும். கம்பெனி சர்வீஸ் பதிவேட்டைச் சரி பார்த்தால் மீதிக் கதை தெரியும்.

மூன்றாவது, சட்டம். டில்லிப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதி செய்தது. நல்ல நிலையில் இருந்த டீசல் பென்ஸ்களும் ஆடிகளும் கிடைத்த விலைக்கு என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அத்தகைய வாகன உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்ற நீதிமன்றம், டிசம்பரில் அந்தச் சலுகையை பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரம் கொண்டவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. டில்லி கார் மலிவாகக் கிடைக்கிறது என்று ரயிலேறுபவர் ஒரு கணக்குப் போட வேண்டும். பல மாநிலங்களில் மறுபதிவுக்கான ஆயுள் வரி, வாங்கிய விலையை வைத்து அல்ல, கார் புதிதாக இருந்தபோதைய விலையில் வயதுக்கேற்பக் கழித்துக் கணக்கிடப்படுகிறது. 20 வயது தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2025ல் 10 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. போதாக்குறைக்கு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. 1990களின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர் அவற்றை மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகும் ஆசை தீரவில்லை என்றால், வாங்கக் கூடாது என்று சொல்ல முடியாது. சில ஒழுங்குகள் போதும். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் போய், தானே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்த மாடலையே பிழைப்பாகக் கொண்ட மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து லிஃப்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். வாங்கும் விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தனியே வங்கியில் போட்டு வைக்க வேண்டும். அந்தப் பணம் முதல் வருடத்திலேயே தேவைப்படும். டில்லியின் மாயாபுரியிலும் சென்னையின் புதுப்பேட்டையிலும் கழற்றிய பாகம் கிடைக்கும்தான். பிரேக், ஸ்டீயரிங் விஷயத்தில் அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

இது வீட்டின் ஒரே கார் என்றால், மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதுதான் போக வேண்டும் என்றால், வேண்டாம். இரண்டாவது காராக, அவசரம் இல்லாதபோது எடுக்கும் காராக இருந்தால் அது கொடுக்கும் சந்தோஷத்துக்கு ஈடில்லை. நெடுஞ்சாலையில் நூறு கி.மீ. வேகத்தில், உள்ளே பேச்சுக் குரலை உயர்த்தாமல் போகும்போது அதைக் கட்டியவர்களின் உழைப்பு புரியும்.

விற்பவர் நட்சத்திரத்தைக் காட்டுவார். வாங்குபவர் டாஷ்போர்டைத் திறந்து ரசீதுகளைக் கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால், எவ்வளவு பளபளத்தாலும், அப்படியே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவது நல்லது.