மலை எல்லை மருத்துவமனைகள்: மூத்த மருத்துவர்களுக்கு 30 மணி நேரப் பயிற்சி போதுமா?

பாலக்காடு/இடுக்கி: ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர்கள் பங்கேற்க வேண்டும் என்கின்றன, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள். சராசரியாக ஆண்டுக்கு 6 மணி நேரம். தமிழகத்தை ஒட்டிய கேரள மலைப்பகுதிகளில் இந்தச் சிறு அளவைப் பயனுள்ளதாக்குவதே சவாலாக உள்ளது.

பயிற்சிகள் பெரும்பாலும் நகரங்களில் நடைபெறுகின்றன. அட்டப்பாடியின் கோட்டத்தறை அரசு பழங்குடியினர் மருத்துவமனையிலிருந்து மன்னார்க்காடு மலைப்பாதை வழியாகவோ, ஆனைகட்டி வழியாகக் கோவைக்கோதான் செல்ல வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. ஒரு துறைக்கு ஒரே மூத்த மருத்துவர் உள்ள இடத்தில், அவர் பயிற்சிக்குச் சென்றால் அன்று அந்தச் சிகிச்சை தடைபடும்.

பழைய பாடம் போதாது

பாம்புக்கடி சிகிச்சை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் பயன்படும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும், மூக்கு நுனி மேல்நோக்கிய குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. இக்கடி சிலருக்குச் சிறுநீரகத்தையும் இரத்த உறைதலையும் பாதிக்கும். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு, மருத்துவர் இதை உரிய நேரத்தில் அறிவது உயிர்ப் பிரச்சினை. அட்டப்பாடி பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் இரத்தசோகைக்கும் இது பொருந்தும்.

விதிமுறையில் தேக்கம்

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று அறிவித்த புதிய விதிமுறைகளில் தொடர் பயிற்சிக்கான வழிகாட்டுதல்கள் இருந்தன. ஆனால் ஆகஸ்ட் 23 அன்றே அவை நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. பிரிட்டனிலோ 2012 டிசம்பர் முதல், ஆண்டுதோறும் நடைபெறும் பணி மதிப்பீட்டின் அடிப்படையில், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவர்களின் தகுதி உறுதிசெய்யப்படுகிறது.

இங்கு மணிக்கணக்கை உயர்த்துவது மட்டும் தீர்வாகாது. பாலக்காடு, இடுக்கி, தேனி, கோவை ஆகிய நான்கு இடங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் பேராசிரியர்கள் மலை மருத்துவமனைகளுக்கு வந்து அங்குள்ள நோயாளிகளைக் கொண்டே பயிற்சி அளிக்கலாம். காணொலி வழி விவாதங்களையும் நடத்தலாம். மூத்த மருத்துவர் பயிற்சிக்குச் செல்லும் நாள்களில் மாற்று மருத்துவரை அனுப்பும் பொறுப்பை இக்கல்லூரிகளுடன் இணைந்து அரசு ஏற்க வேண்டும். இதற்கு இரு மாநிலங்களும் உடன்பட வேண்டியது அவசியம்.