ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். ஆலயத்துக் காரியம் என்று மற்றப் பிள்ளைகள் தள்ளிவிட வேண்டாம், விஷயம் எல்லாருக்கும் பொதுதான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்த சேகர கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார்: "வாலிபர் வகுப்புக்கு ஏழு பேர்தான் வாறாங்க. அதுக்கு ஒரு ரூம், ரெண்டு ஃபேன், ஒரு டீச்சர் வேணுமா? பாடகர் குழுவோட சேர்த்துவிட்டா என்ன?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கரண்ட் பில் கட்டுகிறவருக்கு அந்தக் கவலை நியாயம்தான். எனக்குத்தான் அந்த இடத்தில் சரியாகப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அன்று சொல்லத் தெரியாததை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் ஆலயங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் குறை வைப்பதில்லை. ஞாயிறு பள்ளி உண்டு, வசனப் போட்டி உண்டு, மே மாதம் வி.பி.எஸ். உண்டு. திடப்படுத்தல் முடிந்ததும் என்னவோ டி.சி. வாங்கிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு பெஞ்சு தூக்க, கிறிஸ்மஸ் பஜனைக்குப் போக, அசனப் பந்தியில் குழம்பு வாளி பிடிக்க மட்டும்தான் அவர்களைத் தேடுகிறோம். மனிதன் வாழ்க்கையில் மிகவும் குழம்பி நிற்கிற வயது பதினெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில்தான். என்ன படிக்க, எங்கே வேலை, யாரைக் கல்யாணம் பண்ண, கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று எல்லாக் கேள்வியும் ஒன்றாக வருகிற வயது. அந்த வயதில்தான் வகுப்பே இல்லை.

நான் ஒழுங்காக நடத்தினேன் என்று பெருமை பேச இதை எழுதவில்லை. வாலிபர் வகுப்பை என்னிடம் கொடுத்த புதிதில் அதையும் கணக்கு வகுப்பு மாதிரியே நடத்தினேன். கரும்பலகையில் தலைப்பு, கீழே மூன்று குறிப்பு, கடைசியில் கேள்வி பதில். பதிலும் நானே வைத்திருப்பேன். ரிஜிஸ்டரில் வருகை மட்டும் தவறாமல் போடுவேன்.

அந்த வகுப்பில் ஒரு பையன். கடைசி வரிசையில்தான் உட்காருவான், ஆனால் நல்ல கேள்வியெல்லாம் அவனிடமிருந்துதான் வரும். திடீரென்று வரவில்லை. ஆறு வாரம் ரிஜிஸ்டரில் கோடு போட்டேன். ஏழாவது வாரம் பட்டியலை மறுபடி எழுதும்போது அவன் பேரை விட்டுவிட்டேன். நான்கு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பார்த்த வேலை போய், வெளியே சொல்ல வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடந்தானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "நான் வரலைன்னு உங்களுக்குத் தெரியும்லா டீச்சர், ரிஜிஸ்டர்ல போட்டிருப்பிய. யாராவது ஒருத்தர் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவன் வீடு ஆலயத்திலிருந்து பத்து நிமிஷ நடை.

அதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. துரோவாவில் மேல்வீட்டில் கூட்டம். மறுநாள் புறப்பட வேண்டிய பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே இருக்கிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். கூட்டத்தில் தூங்கினால் இதுதான் கதி என்று சிறு வயதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதற்கு அடுத்து நடந்ததைத்தான் பார்க்கிறேன். பவுல் பிரசங்கத்தை நிறுத்துகிறார். படியிறங்கிப் போகிறார். விழுந்தவனைக் கட்டிக்கொள்கிறார். திரும்ப மேலே வந்து எல்லாரோடும் அப்பம் பிட்டுச் சாப்பிடுகிறார், பிறகு விடியும் வரை பேசுகிறார். பாடமும் நின்றுபோகவில்லை, பையனும் போய்விடவில்லை.

நம் வாலிபர்களும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முழுக்க உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது, விழுந்தால் ஒருவர் இறங்கி வருவாரா என்பதைப் பொறுத்தது.

அதன்பின் வகுப்பில் சில காரியங்களை மாற்றினேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். கடைசி வரிசை என்பதே இல்லாமல் போயிற்று. முதல் கால் மணி நேரம் யாருக்கு அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்போம். பேச விருப்பமில்லாதவர்கள் பேச வேண்டாம். பிறகு நாற்பது நிமிஷம் பாடம். அதில் ஒரு நிமிஷம்கூடக் குறைப்பதில்லை. முடிந்ததும் டீயும் பருப்பு வடையும். அதற்கு மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின் சுற்றி வரும். யார் போட்டார், யார் போடவில்லை என்று தெரியாது. வேலையில்லாத பிள்ளையும் தலைநிமிர்ந்து வடை எடுக்க வேண்டும், அதுதான் கணக்கு. இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் அந்த வாரமே இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போவார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும்.

கேள்விகளையும் திறந்துவிட்டோம். ஒரு பெண்பிள்ளை ஒருநாள் கேட்டாள்: "சபையே சேர்ந்து ஜெபம் பண்ணுச்சு. எங்கப்பா ஏன் டீச்சர் பிழைக்கல?" பழைய டீச்சராக இருந்தால் மூன்று குறிப்பு எழுதியிருப்பேன். அன்று "தெரியல மக்ளே" என்றேன். பிறகு 88ஆம் சங்கீதத்தை வாசித்தோம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதம் வெட்டி எறியாமல் வைத்திருக்கிறது என்று அவளுக்குக் காட்ட முடிந்தது. கால் மணி நேரம் பேசிப் பழகிய வட்டம் இல்லையென்றால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

"வேதம் படிக்க வாறாங்களா, வடை தின்ன வாறாங்களா?" என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும்தான் ஐயா. ஐக்கியம் இல்லாத பாடம் டியூஷன் மாதிரி, பரீட்சை முடிந்தால் மறந்துவிடும். வெறும் ஐக்கியம் மட்டும் போதும் என்பாரிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. கிட்டார், விளையாட்டு, சுற்றுலா என்றே ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தோம், கூட்டம் கூடியது, அப்புறம் கரைந்தது. அதைவிட நல்ல கிட்டார் அவர்கள் போனிலேயே இருக்கிறது. உண்மையான கேள்வியை வைத்து உண்மையாகப் பேச ஓர் இடம்தான் அவர்களுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஞாயிறு பள்ளியின் கதையே இதைத்தான் சொல்கிறது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதைத் தொடங்கியபோது, வந்தவர்கள் வாரமெல்லாம் வேலை செய்துவிட்டு ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைத்த ஏழைப் பிள்ளைகள். அவர்களுக்கு முதலில் எழுத்தறிவு கொடுத்தார்கள். மற்ற ஆறு நாளும் வேலையிலேயே போகிற பிள்ளைகளை மனதில் வைத்துப் பிறந்த பள்ளி அது. நம் வாலிபர்களின் ஆறு நாளைப் பற்றி நாம் யோசிக்கிறோமா?

ஆகவே கமிட்டிப் பெரியவருக்கு என் பதில் இது. ஏழு பேர் வருவதால் வகுப்பை மூட வேண்டாம். வராதவர்களின் பட்டியலைக் கையில் கொடுங்கள், நாங்கள் போய்ப் பார்க்கிறோம். ஃபேனுக்கான கரண்ட் செலவை பிஸ்கட் டின் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இன்னும் ஆலயத்துக்கு வருவதில்லை. கிறிஸ்மஸ் அன்று போன் பண்ணுவான். நானும் அவன் பிறந்தநாளுக்குப் பண்ணுவேன். அவ்வளவுதான். விட்ட ஆறு வாரத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

கோயிலோ பள்ளிவாசலோ மன்றமோ, நீங்கள் எங்கே கூடினாலும், கொஞ்ச நாளாகக் கண்ணில் படாத ஓர் இளம்பிள்ளை இருக்கும். இதைப் படித்து முடித்ததும் லைக் போட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்