தந்தை வினை மைந்தனைச் சேருமோ?

உறையூரை மண்மாரி மூடிய வரலாற்றைச் செவ்வந்திப் புராணம் கூறும். சாரமா முனிவர் இறைவனுக்கென்று வளர்த்த செவ்வந்தி மலரை வணிகனொருவன் கவர்ந்து சோழ மன்னனுக்குக் கொடுத்து வந்தான். முனிவர் முறையிட, திரிசிராமலைப் பெருமான் மேற்கு நோக்கித் திரும்பி அந்நகரை மண்ணால் மூடுவித்தனர் என்ப. இதனைக் காட்டி, மன்னன் குற்றத்துக்கு ஊரார் மடிவதோ, இதுவோ நும் கடவுளின் நீதி என்று கிறித்தவ நண்பர் கடாவுவர். நண்பர் என்றது உபசாரமன்று. சுவார்ச்சு பாதிரியார் 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 1766-இல் கோட்டையகத்தே தேவாலயம் எழுப்பிய காலந்தொட்டு இரு சாராரும் அயலாராயே வாழ்கின்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் கத்தோலிக்கராகிய வேதநாயகம் பிள்ளைமீது குளத்தூர்க் கோவை பாடியதும் அவ்வுறவினாலேயாம்.

கடா நல்ல கடாவே. சைவர் அதனை மறைத்தல் வேண்டா. ஆயினும் விடை கூறுமுன், கடாவுவார் கையிலுள்ள நூல் யாது கூறுகின்றதெனக் காண்டல் முறை. பிறர் கொள்கையை முன்வைத்துப் பின் மறுத்தல் சிவஞான சித்தியார் பரபக்கம் காட்டிய நெறி. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்து, அந்நூற் பயிற்சி கொண்டே 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டனர்.

நினிவே நகரம் 40 நாளிற் கவிழுமென்று யோனா வாயிலாக உரைத்த கடவுள், நகரத்தார் மனந்திரும்பக் கண்டு அழியாது விட்டனர். இதனை முரணெனக் காட்டி மகிழ்வார் நம்மவருள்ளும் உளர். அது வேண்டா. மக்கள் திருந்தின் தண்டம் நீங்கும், பிழைப்பின் வாக்களித்த நன்மையும் நீங்குமென எரேமியா 18-ஆம் அதிகாரம் விதி வகுத்திருத்தலின், அவர்பால் விடையுண்டு. சவுலை அரசனாக்கியதற்குக் கடவுள் வருந்தினாரென இருமுறை கூறும் 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரமே, இடையில், அவர் மனிதர்போல் வருந்துபவரல்லர் என்கின்றது. எபிரேய மூலத்தில் மூவிடத்தும் ஒரே வினைச்சொல். இதற்கும் ஒருவாறு சமாதானம் கூறலாம்.

தீராதது தண்டம்பற்றிய முரணே. தந்தையர் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் பிள்ளைகளைத் தொடருமென யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்திற் கடவுள் தாமே மொழிகின்றார். அவர் வாக்காகவே எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம், தந்தை பிழை மைந்தன்மேற் சாராதென அறுதியிடுகின்றது. முன்னது தந்தையைப்போற் கடவுளைப் பகைக்கும் பிள்ளைகளையே சுட்டும் என்பர் உரைகாரர். அங்ஙனமே கொள்க. தாவீது உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் கொல்வித்தான். அவன் பாவம் நீங்கிற்று, அவன் சாவதில்லை, பிறந்த மகவே சாகுமென்று நாத்தான் தீர்ப்புரைக்க, ஏழாம் நாள் அம்மகவு இறந்தது. ஏழு நாட் குழவி யாரைப் பகைத்தது? சவுல் கிபியோனியரைக் கொன்றமையால் தாவீது காலத்தில் 3 ஆண்டு பஞ்சம் வந்ததெனக் கடவுளே உரைக்க, சவுலின் புதல்வர் இருவரும் பெயரர் ஐவரும் தூக்கிடப்பட்டனர். அதன்பின்னரே நாட்டிற்காகச் செய்த வேண்டுதல் ஏற்கப்பட்டது. தாவீது குடிமக்களை எண்ணிய குற்றத்துக்கு 70,000 பேர் கொள்ளைநோயால் மாண்டனர். இவ்வாடுகள் என் செய்தன என்ற பொருள்பட அவனே கதறினான். அக்கதறலுக்கு நேர்விடை அவ்வதிகாரத்தில் இல்லை.

எசேக்கியேல் நீதியுள்ளத்தால் பழங்கொள்கையை மறுத்தனர். அவரை இகழ்தல் தகாது. ஆயின் மறுத்த இடத்தில் வேறொன்றை நாட்டக் கருவியில்லை. பிறவி ஒன்றே என்பார்க்கு, பிறந்த மகவின் துன்பம் பிறர் வினைப்பயனாதல் வேண்டும், அன்றேல் காரணமின்றி வந்ததாதல் வேண்டும். பிறவிக்குருடனைக் கண்ட சீடர், இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என வினவியது யோவான் 9-ஆம் அதிகாரத்திற் காண்க. பிறக்குமுன் அவன் பாவம் செய்வதெங்ஙனம்? உணர்ந்தோ உணராமலோ, வினா முற்பிறப்பின் வாயில்வரை சென்றது. இரண்டுமன்று, கடவுளின் செயல் விளங்கவே என்றனர் இயேசுநாதர். அச்செயல் விளங்கும்வரை அவன் பட்ட துன்பம் யார் கணக்கு?

இனி உறையூருக்கு வருவாம். மன்னன் குற்றம் மண்மாரிக்கு நிமித்தம். மடிந்தார் நுகர்ந்தது தத்தம் பழவினை. அறிவற்ற வினை தானே செய்தவனைச் சென்று பற்றாதாகலின், முதல்வன் கூட்டுவிக்கின்றான். அதுவும் மலநீக்கத்தின் பொருட்டாய மறக்கருணையே. இவ்விடையைக் கற்ற சைவர் துன்புறுவாரைக் கண்டு உன் வினையென்று கைகட்டி நிற்பின், அவர் கற்றது பிழை. வீடிழந்தார்க்கிரங்கி வெக்காளியம்மை இன்றும் கூரையின்றி அமர்ந்திருக்கின்றாள் என்பது உறையூர் வழக்கு.

காவிரிக்கு வடபால், திருவரங்கத் தீவின் கீழ்ப்புறத்துத் திருவானைக்காவில், நாவல்மர நீழற் பெருமானுக்குச் சிலந்தி நூற்பந்தர் இழைத்தது. யானை அதனைச் சிதைத்தது. சிலந்தி துதிக்கையுட் புகுந்து கடிக்க இரண்டும் மாண்டன. அன்பின் பயனாற் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது அச்சிலந்தியே, அதன் குஞ்சன்று. யானை ஏறவியலா மாடக்கோயில்கள் எடுப்பித்ததும் அவ்வுயிரே. தாவீதின் குழவிக்கு இத்தகைய முன்வரலாறொன்று உண்டென அந்நண்பர் ஒப்புவரேல், உறையூரைப்பற்றி அவர் கடாவியதற்கு இடமில்லை; ஒப்பாரேல், அக்கடாவை முதற்கண் நாத்தானிடம் விடுப்பாராக.