குடிக்காதவர் என்ற பெருமை போதுமா?



2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரம் பேச்சில் வரும்போதெல்லாம் நம் மஹல்லாக்களில் ஒரு வாக்கியம் தவறாமல் பின்தொடர்கிறது: "அல்ஹம்துலில்லாஹ், நம் வீடுகளில் அந்தப் பழக்கம் இல்லை." இது எல்லா வீடுகளுக்கும் பொருந்துமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பொருந்தும் வீடுகளிலும் இந்த நன்றிக்குள் ஒரு மனநிறைவு ஒளிந்திருக்கிறது. குடியைத் தவிர்த்துவிட்டோம், எனவே உடலைக் குறித்த கடமை முடிந்துவிட்டது என்னும் மனநிறைவு அது. அதைத்தான் நாம் இங்கே மறுக்க வந்திருக்கிறோம்.

மெத்தனால் ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள். உடலுக்குள் சென்றால் ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பை அழிப்பது அந்த அமிலமே. குடித்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை. பல மணி நேரம் வழக்கமான போதை போலவே தோன்றும். வயிறு வலித்து, பார்வை மங்கி, மூச்சு திணறும்போதுதான் குடித்தது இன்னதென்று விளங்கும். அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது.

ஓசையின்றி உள்ளே வேலை செய்து, காலம் கடந்தபின் வெளிப்படும் இன்னொரு கேடு சாராயம் தொடாத வீடுகளிலும் இருக்கிறது. அது மணிக்கணக்கில் கொல்வதில்லை, ஆண்டுக்கணக்கை எடுத்துக்கொள்கிறது. நீரிழிவைத்தான் சொல்கிறோம். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நுண்ணிய குழாய்களை அரிக்கிறது. விழித்திரை கெடுகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகின்றன, பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தியது தெரியாமல் நடந்தவர் புண் அழுகியபின் விரலை இழக்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. அந்தக் கணக்கில் தொழுகையாளிகளும் இருக்கிறார்கள்.

உணவு ஹராம் என்றோ, அதுவும் சாராயமும் ஒன்றென்றோ நாம் சொல்லவில்லை. ஹலாலான பொருளாலும் ஒரு மனிதன் தன்னை அழித்துக்கொள்ள முடியும் என்கிறோம். குர்ஆன் உணவைக் குறித்துப் பேசுமிடத்தில் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே பேசுகிறது. அனுமதிக்கப்பட்டதா என்று கேட்பதோடு நல்லதா, அளவானதா என்றும் கேட்க வேண்டியவர்கள் நாம். முதல் கேள்வியை இறைச்சிக் கடையில் ஆயிரம் முறை கேட்கும் நாம், இரண்டாவது கேள்வியைத் தஸ்தர்கானில் ஒருமுறையும் கேட்பதில்லை.

நம் வீடுகளின் ஒரு நாளைப் பாருங்கள். நாளைக்கு நான்கைந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. இஷாவுக்குப் பிறகு கடைத்தெருவில் பரோட்டா. கூப்பிடு தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிள். நள்ளிரவு தாண்டியும் கையில் கைப்பேசி. பிறகு ஃபஜ்ர் தவறுகிறது, அல்லது தொழுத கையோடு மீண்டும் படுக்கை. பெருநாளுக்கு மறுநாள் பிரியாணி தேக்சாவுடன் கல்வராயன் மலையேறிப் பெரியார் அருவிக்குப் போகிறோம். மலையேறுவது வண்டிதான், நம் கால்கள் வண்டியிலிருந்து அருவி வரைக்குமே உழைக்கின்றன.

பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவர், வீணாகக்கூடாதென்று பசியில்லாமலும் உண்பவர், தன் தலைச்சுற்றலைக் கடைசியாகச் சொல்பவர் வீட்டின் தாய். அவர் காலையில் அரை மணி நேரம் நடக்க விரும்பினால் "ஊர் என்ன சொல்லும்?" என்று தடுக்கிறோம். அதே ஊர், அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் நாளில் உடன் வருவதில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை நபிமொழி நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அதை மிம்பரில் சொல்லிப் புன்னகைக்கும் சமுதாயம், தன் வீட்டுப் பெண்ணை நடக்கவும் விடாதிருப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இதைச் சொன்னால் நமக்குக் கிடைக்கும் பதில்கள் பழகிப்போனவை. "எல்லாம் தக்தீர்" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்னது நம் மார்க்கம். கட்டாமல் விட்ட ஒட்டகத்துக்குத் தக்தீரைக் காரணம் காட்டுவது தவக்குல் ஆகாது. "ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதான்" என்கிறார்கள். தொழுகை இபாதத், அதன் நோக்கம் இறைநினைவு. நிதானமான சில நிமிட அசைவுகள் உடலுக்கு நல்லவையே, ஆனால் நாளெல்லாம் கடைக் கல்லாவில் அமர்ந்திருப்பவரின் நடைக்கு அவை ஈடாகா. தொழுகையைக் காட்டி நடையைத் தவிர்ப்பவர் தொழுகைக்கும் நீதி செய்யவில்லை, உடலுக்கும் செய்யவில்லை.

"தேனும் கருஞ்சீரகமும் இருக்க மாத்திரை எதற்கு?" என்போரும் உண்டு. அவை நற்பொருள்கள் என்பதை மறுப்பார் இல்லை. அவற்றைக் காட்டி மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்வோரையே நாம் எதிர்க்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிவழியே. வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் போதும் என்பது மற்றொரு மயக்கம். நம்முடையது கரும்பு விளையும் மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஆலையில் வெளுத்தாலும் கொப்பரையில் காய்ந்தாலும் கரும்புச் சாறு இரத்தத்தில் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிப் பாயசமாகத் திரும்பி வந்தாலும் அது மாவுச்சத்துதான்.

ஆக, குறை எங்கே? நாம் நம்மை அறியாதிருக்கிறோம் என்பதே நம் பதில். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பாரசீகத்தில் எழுதிய 'கீமியாயே ஸஆதத்' நூலைத் தன்னை அறிதல் என்னும் பகுதியோடுதான் தொடங்குகிறார். 'இஹ்யா' நூலில் நஃப்ஸை ஒரு வணிகக் கூட்டாளியாக உருவகிக்கிறார். காலையில் அதனோடு நிபந்தனை பேச வேண்டும். பகலில் அதைக் கண்காணிக்க வேண்டும். இரவில் கணக்குக் கேட்க வேண்டும். முஹாஸபா என்பது இதுதான். நம்மில் பலர் வணிகக் குடும்பத்தினர். கடையின் வரவு செலவை ஒரு நாளும் பாராமல் படுக்காதவர்கள், சொந்த உடலின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பதில்லை.

தன்னை அறிதல் என்பதைக் கண்ணாடிமுன் நின்று தன்னம்பிக்கை வாசகம் சொல்வதாக இன்றைய மேடைப் பேச்சாளர்கள் ஆக்கிவிட்டார்கள். நாம் கேட்பது அதைவிட எளிது, அதைவிடக் கசப்பானது. தையற்காரரின் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மீண்டும் சோதித்து மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். 100 முதல் 125 வரை என்றால் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு வாரம், உண்டதையும் உண்ட நேரத்தையும் உறங்கிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். பசித்து உண்டது எத்தனை முறை, கோபத்திலும் சலிப்பிலும் பிறர் வற்புறுத்தலிலும் உண்டது எத்தனை முறை என்று அந்தத் தாள் சொல்லும். ஒருவருடைய பலவீனம் இரவு உணவு, மற்றவருடையது மாலை நொறுக்குத்தீனி, இன்னொருவருடையது புகை. தன் நஃப்ஸ் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்று அறியாதவர் எல்லா வாசல்களையும் ஒரே நாளில் அடைக்க முயன்று பத்தாம் நாளில் களைத்துவிடுகிறார்.

இந்தப் பத்து நாள் வேகம் நம் சமுதாயத்தின் தனி நோய். மருத்துவர் மிரட்டினால் மறுநாளே சோற்றை அறவே விடுகிறோம், ஜிம்முக்குப் பணம் கட்டுகிறோம். மாத முடிவில் பழையபடி பரோட்டா. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்னும் கருத்தை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழியில் ஓதியவர்கள் நாம். வணக்கத்துக்கு மட்டும் அதைப் பொருத்திவிட்டு வாழ்க்கைக்கு மறந்துவிட்டோம்.

தொடர்ச்சியின் பயனைச் சென்னையிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆயினர். நாள்தோறும் அரை மணி நேரமாவது நடந்து, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்தவர்களில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களில் 40.5. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு நிகராக நின்றன. வியப்புக்குரிய உத்தி எதுவும் அங்கே இல்லை; விடாமல் செய்தார்கள், அவ்வளவே. நோய் முற்றியவர்கள் இதைக் கண்டு மாத்திரையை நிறுத்தக்கூடாது. அது வாசலில் நிற்போருக்கான செய்தி.

கல்வராயன் மலையை நாம் அருவிக்கும் சாராயச் செய்திக்கும் மட்டுமே நினைக்கிறோம். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, மலைச்சரிவில் நடந்து உழைத்து வாழ்ந்தவர்கள். அந்த வாழ்வில் வறுமையும் இருந்தது. அதை அழகுபடுத்திப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்களின் தானியம் நம் அடுக்களைக்கு வரலாம். நோன்புக் கஞ்சியில் அரிசியின் ஒரு பங்கைச் சாமையாக்கினால் என்ன குறைந்துவிடும்? ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: சாமையையும் மூன்று தட்டு உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவு என்னும் நபிவழி தானியத்தின் பெயரைப் பார்த்து மாறுவதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பவை சில. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்களுக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மருந்து வருகிறது; பதிவு செய்யாத குடும்பங்களைப் பதிவு செய்ய வையுங்கள். வலீமா விருந்தில் இரண்டாம் பரிமாறலை வற்புறுத்தும் வழக்கத்தை நிறுத்துங்கள். ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்புங்கள். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுத்து மயங்கி விழுவது வீரமன்று.

குடும்பங்களிடம் கேட்பது ஒன்றே. ஒவ்வொருவரும் தம் பலவீனத்தை அறிந்து ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும். தேநீரில் ஒரு கரண்டி குறைப்பதாக இருக்கலாம், ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேர நடையாக இருக்கலாம், இஷா தொழுததும் கைப்பேசியை வைத்துவிடுவதாக இருக்கலாம். தொழுகை நேரத்தோடு கட்டிப்போட்ட பழக்கம் எளிதில் அவிழாது. பிள்ளைகளுக்கு அதைப் பேசிக் கற்பிக்க வேண்டியதில்லை. மதரஸாவில் நாம் ஓதிக்கொடுப்பதைவிட வீட்டில் அவர்கள் பார்ப்பதே அவர்களிடம் நிலைக்கிறது.

உடல் நமக்குச் சொந்தமன்று; திருப்பித் தர வேண்டிய அமானிதம். சாராயத்தால் அதைக் கெடுத்தவரிடம் விசாரணை உண்டு என்று நம்புகிறோம். சோம்பலால் கெடுத்தவரிடம் இல்லை என்று யார் நமக்குச் சொன்னது?

தன் நஃப்ஸை அறிந்து கணக்குப் பார்ப்போராகவும், சிறிய நன்மையை விடாது செய்வோராகவும் நம்மையும் நம் குடும்பத்தாரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.