மணிக்குக் கூலியா, மண்ணுக்குக் கூலியா?

வீட்டுக்குக் கடைகால் எடுக்கவேண்டும். குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டவேண்டும். தோப்பிலுள்ள வேர்க்கட்டையைப் பெயர்க்கவேண்டும். உடனே நம்மவர் வாயினின்று வருவது, ‘ஒரு ஜேசிபி சொல்லு’ என்பதே. எத்துணை மண், எவ்வளவு ஆழம் என்னும் வினா எழுவதில்லை. ‘மணிக்கு எவ்வளவு?’ என்பதொன்றே எழுகின்றது.

‘ஜேசிபி’ என்றால் என்ன? சோசப்பு சிரில் பாம்போர்டு என்னும் ஆங்கிலேயர், 1945-இல் தாம் தொடங்கிய தொழிலுக்குத் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டார், அவ்வளவே. ‘பொக்லைன்’ ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். ‘இட்டாச்சி’ ஒரு சப்பானிய நிறுவனத்தின் பெயர். மூன்றும் விற்பவனின் பெயர்களே. செய்யும் வேலையின் பெயர்கள் அல்ல. அகழ்தல், கல்லுதல், தொடுதல், குடைதல், பறித்தல் எனத் தோண்டுதற்கே இத்துணைச் சொற்களை உடைய மொழிக்குரியோர், ‘அகழ்பொறி’ என்று சொல்ல நாக்கூசுகின்றனர்!

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கற்க. பெயர் பிழைத்தால் பணமும் பிழைக்கும். உருளிகளில் ஓடி, முன்னே அள்ளுவாயும் பின்னே தோண்டுகையும் உடையது ஒருவகைப் பொறி; இரும்புத் தொடரில் ஊர்ந்து, மேலுடல் முழுதும் சுழன்று தோண்டுவது மற்றொரு வகை. முன்னது சாலையில் தானே வந்து சேரும். கடைகாலுக்கும் குழாய்ப் பள்ளத்துக்கும் அது போதும். பின்னதைச் சரக்குந்தில் ஏற்றிக் கொணரவேண்டும். அச் செலவும் நம் தலையில் விழும். ஆனால் சேற்று நிலத்தில் உருளிப்பொறி புதையும், தொடர்ப்பொறி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பவன், எது வந்து நின்றாலும் வாய்பொத்திப் பணம் கொடுப்பான்.

அடுத்தது மணிக்கணக்கு. பொறியிலுள்ள மணிகாட்டி, எந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டுமேயன்றி மண் வெட்டிய நேரத்தைக் காட்டாது. மண்ணேற்றும் வண்டி வரும்வரை உறுமிக்கொண்டு சும்மா நின்றாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். கணக்குத் தொடங்குவது கொட்டகையை விட்டுப் புறப்பட்டபோதா, நம் இடத்துக்கு வந்தபோதா? இத்தனை மணிக்குக் குறைந்தாலும் இவ்வளவு தரவேண்டும் என்னும் கட்டு உண்டா? எரிநெய் யாருடையது? ஓட்டுநர் படி யார் பொறுப்பு? இவற்றை முன்னரே தமிழில் எழுதி வாங்குவார் யார்? மாலையில் எழும் பூசலுக்கெல்லாம் வேர் காலையில் எழுதாமையே.

கைவேலை நாளில் இவ்வாறில்லை. குழியின் நடுவே தொடாத மண்மேடொன்றை விட்டுவைத்து, அதன் உயரத்தை அளந்தே கூலி தீர்த்தனர். 100 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம் எனின் 1,200 கன அடி. இன்றைய வழக்கில் 12 யூனிட். வெட்டிய மண் பொலபொலத்துக் காற்பங்கு வரை பெருகும். வண்டியில் அளந்தால் அந்த 12, 15 ஆகிவிடும்! ஆதலின் குழியில் அளத்தலே முறை. பள்ளத்துக்கும் நில அளவைக்கும் ‘குழி’ என்னும் ஒரு பெயரையே வைத்த முன்னோர் அளவறிந்தோர்.

பொறியே வேண்டா என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. மண் சரிந்து புதையுண்ட கிணறு வெட்டிகளின் மனைவியரைக் கேட்டால், பொறி எவ்வளவு நன்று என்பது விளங்கும்.

தனியொருவன் ஏமாந்தால் அவன் பணம் போகும். ஊர் ஏரியில் அளவின்றிப் பொறி இறங்கினால் ஊரே போகும். வண்டலை ஒரே மட்டமாக வாருவதே தூர்வாருதல். அதன் கீழுள்ள களிமண் படுகைதான் நீரைத் தாங்குவது. அதைக் கிழித்தால் நீர் கீழே இறங்கிவிடும். கரையின் அடியில் தோண்டினால் கரை வலுவிழக்கும். மதகின் மட்டத்துக்குக் கீழே ஆங்காங்கே கிணறுபோல் வெட்டினால், அங்குத் தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது. குளிக்க இறங்கும் சிறுவரைத்தான் விழுங்கும். 2017-இல் தமிழக அரசு, ‘மராமத்து’ என்னும் அரபுச் சொல்லைக் குடியோடு ஒட்டவைத்த பழைய பெயரிலேயே ஏரிப்பணியைத் தொடங்கியது. பெயரில் குடி இருந்தால் போதுமா? அளவுகோல் குடிகளின் கையில் இருக்கவேண்டாவா?

உத்தரமேரூரில் கி.பி. 921-இல், முதற் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, ‘ஏரி வாரியம்’ என ஒரு குழுவைக் கூறுகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெறல் ஆகாது என்பது அதன் விதி. அது பார்ப்பனர் ஊரவை என்பது வேறு செய்தி, கணக்கு, கணக்கே.

ஆகவே ஏரியில் பொறி இறங்குமுன் கரையில் ஒரு பலகை நாட்டுக. வெட்டும் இடம், நீளம், அகலம், ஆழம், மண்ணின் அளவு, பேசிய கூலி ஆகியன அதில் தமிழில் எழுதப்பெறுக. வேலை முடிந்தபின் ஊரார் கயிறு பிடித்து அளக்க. அளக்குமுன் ஓர் உருபாவும் கொடுக்கவேண்டா.